கொல்லி டி செல் தானாகவே கொல்லும் என்றால் உதவி டி செல் எதற்கு?

மலைக்கோட்டை ஆசிரியை:

பன்னிரண்டாம் வகுப்புக்கு நோய்த்தடைகாப்பியல் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. இங்கே மருத்துவத் துறையினர் பலர் இருப்பதால் கேட்கிறேன்.

அவள் கேட்டது இதுதான். வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லி டி செல் (சிடி8) தானே அடையாளம் கண்டு தானே கொல்கிறது. எச்ஐவி முக்கியமாக அழிப்பது உதவி டி செல்லை (சிடி4). கொல்லிகள் அப்படியே இருக்கும்போது நோயாளி ஏன் இவ்வளவு பலவீனமாகிறார்? உதவியாளர் இல்லாவிட்டால் வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கலாம், நின்றே போவானேன்? பாடநூலில் "உதவி செல்கள் பிற செல்களைத் தூண்டுகின்றன" என்று ஒரே வரி இருக்கிறது. எப்படித் தூண்டுகின்றன, எங்கே சந்திக்கின்றன என்று யாராவது விளக்க முடியுமா?

நிணநீர்ப்பாதை:

அருமையான கேள்வி, டீச்சர். அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நோய்த்தடைகாப்பியலாளர்களே இதற்கு விடை காணப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்.

1970களின் நடுவில் ஹார்வி கேன்டரும் எட்வர்ட் பாய்ஸும் எலிகளின் டி செல்களை அவற்றின் மேற்பரப்பு அடையாளங்களை வைத்துப் பிரித்தெடுத்தார்கள். உதவுபவை ஒரு வகை, கொல்பவை வேறு வகை என்பது அப்போது தெளிவானது. இரண்டையும் ஒன்றாக வைத்தால் கொல்லும் திறன் கூடுகிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். ஆனால் இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன? இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூட வேண்டும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள்.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. குறிப்பிட்ட ஒரு வைரஸின் ஒரு புரதத் துணுக்கை அடையாளம் காணும் புதிய டி செல், லட்சத்தில் ஒன்று என்ற அளவிலோ அதைவிட அரிதாகவோதான் உடலில் இருக்கும். அப்படிப்பட்ட ஓர் உதவி செல்லும் ஒரு கொல்லி செல்லும் அதே துணுக்குகளை ஏந்தி டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்லும் ஒரே நொடியில் மோதிக்கொள்வது நடக்கிற காரியமா?

1998இல் நேச்சர் இதழில் மூன்று குழுக்கள் அடுத்தடுத்து விடையை வெளியிட்டன. உதவி டி செல் கொல்லியிடம் நேரே போவதில்லை, டென்ட்ரிடிக் செல்லிடம் போகிறது. தன் மேற்பரப்பில் உள்ள சிடி40 லிகண்ட் என்ற புரதத்தால் டென்ட்ரிடிக் செல்லின் சிடி40 ஏற்பியைத் தொட்டு, அதை வேறு நிலைக்கு மாற்றிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறது. அப்படித் தயாரான டென்ட்ரிடிக் செல்லைப் பின்னால் வந்து தொடும் கொல்லி செல் விழித்துக்கொண்டு பெருகுகிறது. வங்கி லாக்கரில் அதிகாரி தன் சாவியைத் திருகிவிட்டு வெளியே போன பிறகு நாம் நம் சாவியால் திறப்பதைப் போல.

இதை நிறுவிய சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. உதவி செல்களே இல்லாத எலிகளை எடுத்துக்கொண்டார்கள். சிடி40ஐத் தொட்டு இயக்கும் ஓர் எதிர்ப்பொருளை மட்டும் ஊசியில் செலுத்தினார்கள். அதுவரை வராத கொல்லி செல்கள் வந்துவிட்டன. உதவி செல் செய்துவந்த வேலையை ஒரே ஒரு மூலக்கூறின் தொடுகை செய்துவிட்டது.

எதிர்க்கேள்வி:

நிணநீர்ப்பாதை ஐயா சொல்வது எல்லாத் தொற்றுக்கும் பொருந்தாது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உதவி செல்கள் இல்லாத எலிக்கு, எலிகளைத் தொற்றும் எல்சிஎம்வி என்ற வைரஸைக் கொடுத்தால் கொல்லி செல்கள் நன்றாகவே பெருகித் தொற்றை அடக்குகின்றன. லிஸ்டீரியா பாக்டீரியாவிலும் அப்படித்தான். மாணவி கேட்ட "நின்றே போவானேன்" என்பதற்கு நேர்மையான பதில், பல தொற்றுகளில் முதல் முறை நிற்பதே இல்லை என்பதுதான்.

நிணநீர்ப்பாதை:

உண்மை. அந்தக் கிருமிகள் கடுமையான அழற்சியைக் கிளப்புகின்றன. டென்ட்ரிடிக் செல்லுக்குக் கிருமியை நேரே உணரும் ஏற்பிகள் இருப்பதால், உதவி செல்லின் தொடுகை இல்லாமலே அது விழித்துக்கொள்கிறது.

ஆனால் அதே எலிகளைச் சில வாரம் கழித்துப் பாருங்கள். 2003இல் மூன்று குழுக்கள் இதைத்தான் பார்த்தன. உதவி இல்லாமல் உருவான கொல்லிகள் முதல் சண்டையில் குறைவில்லாமல் இருந்தன. அதே கிருமி இரண்டாம் முறை வந்தபோது அவற்றால் பெருக முடியவில்லை. அவற்றில் ஒரு குழு 2005இல் காரணத்தில் ஒரு பகுதியையும் காட்டியது: உதவி பெறாத கொல்லிகள் மறுபடி தூண்டப்படும்போது டிரெயில் என்ற புரதத்தைச் சுரந்து தாமே மடிகின்றன. முதல் சில நாட்களில் கிடைத்த, அல்லது கிடைக்காமல் போன, உதவியின் தடம் அந்தச் செல்லின் வாரிசுகள் வரை தொடர்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

நாட்பட்ட தொற்றில் நிலைமை இன்னும் மோசம். எல்சிஎம்வியின் விடாப்பிடியான வகைகளைக் கொடுத்தால், உதவி செல் இல்லாத எலியில் கொல்லிகள் நாளடைவில் சோர்ந்து செயலிழந்துவிடுகின்றன. வைரஸ் நிலைத்துவிடுகிறது. எச்ஐவி அப்படி நாட்பட்ட தொற்று, அதுவும் உதவி செல்லையே தின்னும் தொற்று. மாணவியின் கேள்விக்கு இதுவே நெருங்கிய பதில் என்று நினைக்கிறேன்.

ஏஆர்டி செவிலியர்:

நான் எச்ஐவி சிகிச்சை மையத்தில் பணிபுரிகிறேன். கொல்லி செல்லைப் பற்றி மட்டும் பேசினால் பாதிப் படம்தான் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

ஆரோக்கியமான பெரியவருக்குச் சிடி4 எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழே போனவர்களுக்கு வரும் நோய்களைப் பாருங்கள். நியூமோசிஸ்டிஸ் நிமோனியா, கிரிப்டோகாக்கஸ் மூளை உறை அழற்சி, வாயெல்லாம் வெள்ளை படரும் கேண்டிடா, எந்த எண்ணிக்கையிலும் வரக்கூடிய காசநோய். முதல் மூன்றும் பூஞ்சைகள், நான்காவது பாக்டீரியா. இவற்றை அடக்குவதில் கொல்லி டி செல்லுக்கு முதல் இடம் இல்லை. மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள்தான் விழுங்கி அழிக்க வேண்டும். அவற்றுக்கு வேகம் கொடுப்பது யார்? உதவி டி செல்தான். இன்டர்ஃபெரான் காமா என்ற சேதி மூலக்கூறைச் சுரக்கும் வகை மேக்ரோஃபேஜைத் தூண்டுகிறது. இன்டர்லூக்கின்-17 சுரக்கும் வகை நியூட்ரோஃபில்களை வரவழைக்கிறது. வாயில் கேண்டிடா படர்வது இந்த இரண்டாம் வகை குறைந்ததன் அடையாளம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்ஐவி மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டி முட்டை அளவுக்கு வீங்கும். காய்ச்சல் திரும்ப வரும். ஏற்கெனவே காசநோய் மருந்தும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். "மாத்திரை எடுக்கும் முன்பு நன்றாக இருந்தேன், இது என்னைக் கெடுக்கிறது" என்று அழுவார்கள், சிலர் நிறுத்தியும்விடுவார்கள். உண்மையில் அவர்களுடைய உதவி செல்கள் திரும்பி வந்து, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட காசநோய்க் கிருமியை இப்போது எதிர்க்கின்றன. அந்தச் சண்டையின் வீக்கம்தான் அது. புதிய தொற்றோ மருந்துக்கு அடங்காத காசநோயோ இல்லை என்பதை மருத்துவர் உறுதிசெய்துகொண்டு, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு கொடுத்துச் சமாளிப்பார். பெரும்பாலும் எச்ஐவி மாத்திரை தொடரும். தயவுசெய்து யாரும் தாமாக நிறுத்த வேண்டாம்.

இந்தியாவில் முதல் எச்ஐவி தொற்றுகள் கண்டறியப்பட்டதும் நம் சென்னையில்தான், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடமிருந்து ரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் சிஎம்சியில் சோதித்தார்கள். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டியிருந்திருக்கும்! வகுப்பில் அந்த இருவரின் பெயர்களையும் சொல்லுங்கள், டீச்சர்.

களப்பணி ஓய்வு:

செவிலியர் அம்மா மேக்ரோஃபேஜைத் தொட்டதால் எழுதுகிறேன். தொழுநோய்க் களப்பணியில் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. டி செல்கள் கூடி வேலை செய்தால் எப்படி இருக்கும், செய்யாவிட்டால் எப்படி இருக்கும் என்பதை மனிதத் தோலிலேயே காட்டும் நோய் இது.

ஒரே கிருமி. ஒருவருக்கு ஒன்றிரண்டு வெளிறிய படைகள்தான் இருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால், சுற்றிலும் உணர்ச்சி இருக்கும், படைக்குள் இருக்காது. அதிலிருந்து தோல்துண்டு எடுத்துப் பார்த்தால் கிருமி கிடைப்பதே அரிது. இன்னொருவருக்குக் காதுமடல் தடித்து, புருவம் உதிர்ந்து, முகமெங்கும் முடிச்சு முடிச்சாக இருக்கும். அவருடைய மேக்ரோஃபேஜ்கள் கிருமிகளால் நிரம்பி நுரைத்திருக்கும்.

முதல் வகைப் புண்ணில் உதவி செல்கள் நடுவே மேக்ரோஃபேஜ்களோடு கலந்து நிற்கின்றன, சிடி8 செல்கள் வெளியே வளையம் போலச் சூழ்ந்திருக்கின்றன. சிடி4 செல்கள் சிடி8 செல்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டாம் வகையில் அந்த ஒழுங்கே இல்லை. இரண்டும் சிதறிக் கலந்து கிடக்கின்றன, சிடி8 எண்ணிக்கை சிடி4ஐ மிஞ்சிவிடுகிறது. 1991இல் ராபர்ட் மாட்லின் குழுவினர் புண்களுக்குள் சுரக்கும் சேதி மூலக்கூறுகளையும் அளந்தார்கள். முதல் வகையில் இன்டர்லூக்கின்-2, இன்டர்ஃபெரான் காமா. இரண்டாம் வகையில் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-10. மேக்ரோஃபேஜை உசுப்புவது முன்னவை, அடக்குவது பின்னவை.

ஆனால் வலுவான டி செல் எதிர்வினை நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நரம்பைப் பறிகொடுக்கவைப்பதும் அதுதான். சிகிச்சையின் நடுவே திடீரெனப் படைகள் சிவந்து வீங்கும், முழங்கையின் உட்புற நரம்பு கயிறு போலத் தடித்து, தொட்டால் துடிப்பார்கள். டி செல்கள் நரம்புக்குள் இருக்கும் கிருமியைத் தாக்குவதால் வருவது அது. உடனே பிரெட்னிசலோன் கொடுத்து அடக்காவிட்டால் விரல்கள் மடங்கிப் போகும். கிருமி செத்துக்கொண்டிருக்கும், கை போய்விடும். தாமதமாக வந்தவர்களின் கைகளைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்க்கேள்வி:

களப்பணி ஐயாவின் பதிவு இந்த இழைக்கே எடை கூட்டுகிறது. ஒரு திருத்தம் மட்டும். மாட்லின் காட்டிய இரு பிரிவுகளை, 1986இல் மாஸ்மனும் காஃப்மனும் எலிச் செல்களில் கண்ட முதல் வகை, இரண்டாம் வகை உதவி செல்களோடு அப்படியே ஒட்டவைத்துப் பாடம் நடத்துகிறார்கள். பெரும்பாலான நோயாளிகள் இரு துருவங்களுக்கும் இடையில்தான் இருக்கிறார்கள், காலப்போக்கில் நகரவும் செய்கிறார்கள். ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966இலேயே தொழுநோயை ஐந்து படிநிலைகளாகப் பிரித்தது அதனால்தான்.

புதுத் தந்தை:

எனக்கு இந்தத் துறை தெரியாது. என் குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட்டு வந்தோம். தடுப்பூசி என்றால் எதிர்ப்பொருள், அதைச் செய்வது பி செல் என்று படித்திருக்கிறேன். இதில் டி செல்லுக்கு ஏதாவது பங்கு உண்டா?

யாழ் மருத்துவ மாணவி:

உண்டு, அண்ணா. உங்கள் குழந்தைக்குப் போட்ட ஊசியே அதற்கு நல்ல உதாரணம். ஐந்து நோய்களுக்கான அந்தப் பென்டாவேலன்ட் ஊசியில் ஹிப் எனப்படும் ஹீமோஃபிலஸ் கிருமிக்கு எதிரான பகுதி இருக்கிறது. இந்தியாவில் 2011 டிசம்பரில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அதைத் தொடங்கினார்கள்.

ஹிப் கிருமியின் மேலுறை சர்க்கரைச் சங்கிலியால் ஆனது. உதவி டி செல்கள் பொதுவாக அடையாளம் காண்பது புரதத் துணுக்குகளைத்தான். வெறும் சர்க்கரையைக் கொடுத்தால் பி செல் உதவியின்றித் தனியே வேலை செய்ய வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அது சரிவர நடக்காது. 1985இல் அமெரிக்காவில் வந்த முதல் ஹிப் ஊசி அப்படிப்பட்டதுதான். ஹிப் மூளை உறை அழற்சி அதிகம் தாக்கும் வயதிலேயே அது பயன்படவில்லை.

பிறகு சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிப்பிணைப்பால் ஒட்டினார்கள். பெரும்பாலும் நச்சு நீக்கிய டெட்டனஸ் புரதம். சர்க்கரையைப் பிடிக்கும் பி செல், ஒட்டியிருக்கும் புரதத்தையும் சேர்த்தே விழுங்குகிறது. உள்ளே வெட்டி, டெட்டனஸ் துணுக்கை வெளியே காட்டுகிறது. டெட்டனஸை அறிந்த உதவி டி செல் வந்து, இது நம்முடையது என்று சிடி40ஐத் தொட்டு, இன்டர்லூக்கின்-21ஐயும் கொடுக்கிறது. பி செல் பெருகி ஹிப் சர்க்கரைக்கு எதிரான பிறபொருளெதிரியை, அதாவது நீங்கள் சொன்ன எதிர்ப்பொருளை, சுரக்கிறது. உதவி செய்த டி செல்லுக்கு ஹிப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது!

ஹைதராபாத்தில் உருவான டைஃபாய்டு இணைப்புத் தடுப்பூசியும் இதே முறைதான். அதனால்தான் ஆறு மாதக் குழந்தைக்கே போட முடிகிறது. பழைய சர்க்கரை ஊசியை இரண்டு வயதுக்கு மேல்தான் போடலாம்.

சிடி40 லிகண்ட் பிறவியிலேயே பழுதான ஆண் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதன் பழுதுதான் இந்த நோய்க்குக் காரணம் என்று 1993இல் கண்டுபிடித்தார்கள். அவர்களிடம் பிறபொருளெதிரிகளில் ஐஜிஎம் வகை மட்டும் இருக்கும், ஐஜிஜியும் ஐஜிஏயும் மிகக் குறைவு. பிறபொருளெதிரிக் குறை மட்டும் என்றால் சீழ்க் கிருமிகள்தான் தாக்க வேண்டும். ஆனால் இந்தக் குழந்தைகளுக்குச் செவிலியர் அக்கா சொன்ன அதே நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வருகிறது. பி செல், மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல் மூன்றுக்கும் உதவி டி செல் நீட்டுவது அதே சிடி40 லிகண்ட் என்பதால், ஒரு மரபணு போனால் எல்லா இடத்திலும் உதவி அறுந்துவிடுகிறது.

மலைக்கோட்டை ஆசிரியை:

படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. பாடநூலில் ஒடுக்கி டி செல் என்றும் ஒரு வகை இருக்கிறது. இந்தக் கூட்டணியில் அது எங்கே வருகிறது? எல்லோரும் சேர்ந்து தூண்டிக்கொண்டிருக்கும்போது அது எதிரணியா?

நிணநீர்ப்பாதை:

எதிரணி என்ற எண்ணத்தை வகுப்பிலிருந்து விலக்கிவிடுங்கள், டீச்சர். அந்தச் செல் இல்லாத குழந்தைகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு, நிற்காத வயிற்றுப்போக்கு, உடலெங்கும் கரப்பான் எல்லாம் சேர்ந்து வரும். எலும்பு மஜ்ஜை மாற்றாவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை.

இந்தச் செல்லின் வரலாறு ஒரு தனி இழைக்கு உரியது. 1969இல் ஜப்பானில் நிஷிசுகாவும் சகாகுராவும், பிறந்த மூன்றாம் நாள் எலிக்குஞ்சின் தைமஸை (டி செல்கள் முதிரும் சுரப்பி) எடுத்தால் அதன் சூலகம் அழிகிறது என்று கண்டார்கள். 1970இல் ரிச்சர்ட் கெர்ஷன் ஒடுக்கி டி செல்கள் உண்டு என்றார். 1980களில் அந்த ஒடுக்கிகளுக்கு அடிப்படை என்று சொல்லப்பட்ட மரபணுவே இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று தெரியவந்ததும், துறையே அந்தச் சொல்லைக் கைவிட்டது. ஷிமோன் சகாகுச்சி மட்டும் விடவில்லை. 1995இல் சிடி25 என்ற அடையாளத்தால் அந்தச் செல்களைப் பிரித்துக் காட்டினார். 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் நோயுற்ற ஓர் எலி வகையிலிருந்து ஃபாக்ஸ்பி3ஐக் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஒழுங்காற்றும் செல் என்று இப்போது அழைக்கப்படும் இந்தச் செல் இன்டர்லூக்கின்-2ஐத் தானே சுரப்பதில்லை. தூண்டப்பட்ட உதவி செல்கள் சுரப்பதைத்தான் உறிஞ்சி வாழ்கிறது. ஆகவே சண்டை கூடினால் அடக்குபவையும் கூடுகின்றன. தன் சிடிஎல்ஏ-4 புரதத்தால் டென்ட்ரிடிக் செல்லின் மேலுள்ள தூண்டு மூலக்கூறுகளைப் பிய்த்து உள்ளே இழுத்தும்கொள்கிறது. உதவி செல் தயார் செய்யும் அதே செல்லைத்தான் இது அமைதிப்படுத்துகிறது என்பதைக் கவனியுங்கள்.

எதிர்க்கேள்வி:

எல்லாவற்றையும் டென்ட்ரிடிக் என்ற மூன்றாவது செல்லிடமே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். உதவி செல் சுரக்கும் இன்டர்லூக்கின்-2 கொல்லியையும் நேரே அடைகிறதே? அதற்கு இடைத்தரகர் வேண்டாம்.

நோயாளியின் டி செல்களில் செயற்கை ஏற்பியைப் பொருத்தித் திரும்பச் செலுத்தும், புற்றுநோய்க்கான கார் டி சிகிச்சையையும் பாருங்கள். 2010இல் சிகிச்சை பெற்ற இரு ரத்தப் புற்றுநோயாளிகளைப் பற்றி 2022இல் வந்த ஆய்வில், பத்தாண்டு கழித்தும் உடலில் மிஞ்சியிருந்த கார் டி செல்களில் பெரும்பாலானவை சிடி4. அவை கொல்லும் திறனோடும் இருந்தன. உதவி, கொல்லி என்ற வேலைப் பிரிவினையே அவ்வளவு கறாரானது அன்று.

நிணநீர்ப்பாதை:

கார் டி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அங்கே செயற்கை ஏற்பியைப் பொருத்தி இயற்கையான சந்திப்பையே தாண்டிவிடுகிறோம். அதை வைத்து, இந்தச் செல்கள் சந்திக்கும் இடமான நிணநீர் முடிச்சுக்குள் நடப்பதை முடிவு செய்ய வேண்டாம். இன்டர்லூக்கின்-2 நேரே போகிறது என்பதையும் ஒப்புகிறேன். ஆனால் அது வெகுதூரம் பரவுவதில்லை, ஒழுங்காற்றும் செல்கள் வழியிலேயே உறிஞ்சிவிடுகின்றன. பக்கத்தில் நிற்கும் கொல்லிக்குத்தான் கிடைக்கும். பக்கத்தில் நிற்கவைப்பது எது? 2006இல் ரொனால்ட் ஜெர்மைன் குழு காட்டியபடி, உதவி செல்லும் டென்ட்ரிடிக் செல்லும் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து ஈர்ப்பு மூலக்கூறுகள் கிளம்பிக் கொல்லிகளை அங்கே வரவழைக்கின்றன.

எதிர்க்கேள்வி:

ஈர்ப்பு மூலக்கூறு வாதம் வலுவானது. நேரடி உதவி எவ்வளவு என்பதில் என் கருத்து மாறவில்லை.

மலைக்கோட்டை ஆசிரியை:

கரும்பலகையில் மூன்று செல்களையும் வரைந்து இன்று பாடம் நடத்தினேன். அதே மாணவி அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள். வைரஸ் நுரையீரல் செல்லில்தானே இருக்கிறது, டென்ட்ரிடிக் செல்லுக்குள் வைரஸ் புகாவிட்டால் அது கொல்லிக்கு எதைக் காட்டும்? பாடநூலின்படி, உள்ளே உருவான புரதம்தான் கொல்லி பார்க்கும் முதல் வகுப்பு எம்எச்சியில் (துணுக்கை ஏந்திக் காட்டும் மேற்பரப்புப் புரதம்) ஏறும், வெளியிலிருந்து விழுங்கியது உதவி செல் பார்க்கும் இரண்டாம் வகுப்பில் ஏறும்.

நிணநீர்ப்பாதை:

பாடநூல் விதி பெரும்பாலான செல்களுக்குச் சரி. விதிவிலக்கை 1976இல் மைக்கேல் பெவன் கண்டார். செத்த செல்லின் சிதிலங்களை விழுங்கும் சில டென்ட்ரிடிக் செல்கள், அவற்றின் துணுக்குகளை முதல் வகுப்பிலும் ஏற்றிக்காட்டுகின்றன. இதில் தேர்ந்த ஒரு தனி வகை டென்ட்ரிடிக் செல்லே இருக்கிறது. அது உருவாக பேட்ஃப்3 என்ற மரபணு தேவை என்று 2008இல் தெரிந்தது. அந்த மரபணு இல்லாத எலிகளால் வைரஸுக்கு எதிராகக் கொல்லிகளைச் சரியாக உருவாக்க முடியவில்லை.

அவளுடைய முதல் கேள்வியோடு இது சேரும் இடம் ஒன்று உண்டு. 2015இல் இரு குழுக்கள் உயிருள்ள எலியின் நிணநீர் முடிச்சுக்குள்ளேயே நுண்ணோக்கியால் தொடர்ந்து பார்த்தன. தொற்றின் தொடக்கத்தில் உதவி செல்களும் கொல்லி செல்களும் வெவ்வேறு டென்ட்ரிடிக் செல்களோடு, முடிச்சின் வெவ்வேறு பகுதிகளில் தனித்தனியே தூண்டப்பட்டன. ஓரிரு நாளில் இரண்டும் இடம்பெயர்ந்து இந்தத் தனி வகை டென்ட்ரிடிக் செல்லிடம் வந்து கூடின. அதுவே விழுங்கிய ஒரே சிதிலத்திலிருந்து இரண்டு வகுப்பு எம்எச்சியிலும் துணுக்குகளை ஏந்தி, இருவருக்கும் அவரவர் துணுக்கைக் காட்டுகிறது. வரைபடத்தில் மூன்றாவது செல்லுக்கு இரண்டு கைகள் போட்டு, இரண்டிலும் ஒரே வைரஸின் வெவ்வேறு துணுக்குகளை எழுதச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை ஆசிரியை:

நாளைக்கே வரையச் சொல்கிறேன். படத்தை இங்கே பதிவிடுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.